நான்கு மணித் தேநீருக்கு ஓர் இடம்: ஆய்வாளர்கள் கூடிப் பேச என்ன வழி?

நுண்ணோக்கி | திங்கள், இரவு 9.12

வணக்கம். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். யோசனை கேட்டு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் கட்டடத்துக்கு மூன்று தளங்கள். முனைவர் பட்ட மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர், ஆசிரியர்கள் பதினொருவர். இரண்டாம் தளத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் முதல் தளத்தில் யாருக்கும் தெரியாது. என் மாணவி ஒருத்தி அணுவிசை நுண்ணோக்கியோடு (நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் படம் எடுக்கும் கருவி) எட்டு மாதம் போராடினாள். சில நேரம் படம் கண்ணாடிபோல் தெளிவாக வரும். சில நேரம் நடுங்கும். ஊசிமுனையை மாற்றினோம். அதிர்வு தாங்கும் மேசையைச் சரிபார்த்தோம். கருவியை விற்றவர்களுக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. ஒரு மழை நாளில் கேன்டீன் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது, பக்கத்தில் நின்ற மின்பணியாளரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்ட முதல் கேள்வியே, "காலை பதினொன்றரைக்கும் மதியம் மூன்றுக்குமா நடுங்குகிறது?" என்பதுதான். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும் நேரங்கள் அவை. அதன் குழாய் எங்கள் அறைச் சுவரைத் தொட்டுக்கொண்டு மேலே ஏறுகிறது. மோட்டார் நேரத்தை அவர் அதிகாலைக்கு மாற்றினார். மறுநாளிலிருந்து படம் நடுங்கவில்லை.

எட்டு மாதம்! அந்த மனிதர் நாள்தோறும் எங்கள் அறை வாசலைக் கடந்துதான் போகிறார், வருகிறார்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் ஆசை. மாலை 4 மணிக்கு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் தேநீர் குடிக்க வேண்டும். கருத்தரங்கு வேண்டாம், விளக்கப் படங்கள் வேண்டாம், பேச்சு போதும். மேலிடத்தில் சொன்னேன். நல்ல யோசனை என்றார்கள். ஆனால் வருகைப்பதிவேடு வைத்து, கூட்டக் குறிப்பும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். அங்கேதான் நிற்கிறேன். இப்படி ஒன்றை நடத்திப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மயிலைப்பெரியவர் | திங்கள், இரவு 10.40

தம்பி, நல்ல காரியத்தைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். பதிவேட்டை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். கையெழுத்துக்காக வருகிறவன் கையெழுத்துப் போட்டதும் போய்விடுவான்.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருந்துவிட்டு 1958இல் சென்னை திரும்பினார். அங்கே கண்ட பேச்சுச் சூழல் இங்கே இல்லை என்று அவருக்கு ஏக்கம். பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்து தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மயிலாப்பூரில் தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸிலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கிவிட்டார். சில மாணவர்கள், ஒரு கரும்பலகை, வீட்டு விருந்தோம்பல், அவ்வளவுதான். 1960 ஜனவரியில் சென்னைக்கு வந்த டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் இந்தச் சின்னக் குழுவைப் பார்த்து வியந்து பாராட்டினார். அந்தச் செய்தி நேருவின் காதுவரை போனது. அன்றைய சென்னை மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. மாநிலக் கல்லூரியில் நடந்த தொடக்க விழாவுக்கு வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் வந்திருந்தார்.

ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கிய பேச்சு, நான்கு ஆண்டுக்குள் ஒரு நிறுவனமாக எழுந்து நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1952இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் கட்டமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுக்கு நடுவே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். அவருக்கு அப்போது முப்பது வயது. துறையை அமைக்கும் பொறுப்பு அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாரைப் பெற்று, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். 1954இல் மூவிழைச் சுருள் கட்டமைப்பு வெளிவந்தது. தோல் பதனிடும் ஆய்வும் இயற்பியலும் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் நடந்தது அது.

குறுக்குக்கேள்வி | செவ்வாய், காலை 7.05

பெரியவர் சொன்னவை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பலன் தந்த தேநீரைத்தான் வரலாறு எழுதி வைக்கிறது. பலன் தராமல் ஆறிப்போன ஆயிரம் குவளைகளுக்குக் கணக்கு இல்லை. ஒன்றிரண்டு கதையை வைத்து முறையை வகுக்கலாமா?

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. நான் முனைவர் பட்ட மாணவனாக இருந்தபோது, ஒரு மாலைப் பேச்சில் என் சோதனைத் திட்டத்தை மனம்விட்டுச் சொன்னேன். பதினான்கு மாதம் கழித்து அதே சோதனை வேறொருவர் பெயரில் கட்டுரையாக வந்தது. அவர் அன்று என் எதிரே அமர்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். என்னிடம் சான்று இல்லை. என் வழிகாட்டி, "வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்" என்றார். அன்றிலிருந்து என் மாணவர்களிடமும் அதையே சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம் மனம் குத்துகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

தேநீர் மேசையில் வாய் திறந்தவனுக்கு என்ன பாதுகாப்பு? இதற்குப் பதில் சொல்லாமல் மேசையைப் போட வேண்டாம்.

எண்கணிதன் | செவ்வாய், காலை 11.30

குறுக்குக்கேள்வி அவர்களே, உங்களுக்கு நேர்ந்தது அநியாயம். அதற்கு மருந்து இருக்கிறது. தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

போலந்தின் லிவூஃப் நகரம், இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ். அங்கே ஸ்காட்டிஷ் கபே என்றொரு காபிக் கடை. ஸ்டெஃபான் பானாக், ஸ்தானிஸ்வாஃப் மசூர், ஸ்தானிஸ்வாஃப் உலாம் ஆகியோர் அங்கே மணிக்கணக்காக உட்கார்ந்து கணக்குப் பேசுவார்கள். மேசையின் பளிங்குப் பலகையில் பென்சிலால் எழுதுவார்கள். இரவு கடையைத் துடைக்கும்போது கணக்கும் துடைபட்டுப் போகும். பொறுக்க முடியாமல் பானாக்கின் மனைவி ஒரு தடித்த நோட்டுப்புத்தகம் வாங்கிக் கொடுத்தார் என்பார்கள். அந்த நோட்டு கடையிலேயே இருக்கும். கேட்டால் பரிசாரகர் எடுத்துக் கொடுப்பார், பேசி முடித்ததும் வாங்கி உள்ளே வைப்பார்.

அதில் முதல் கணக்கை 1935 ஜூலை 17 அன்று பானாக் எழுதினார். 1941 மே மாதம்வரை 193 கணக்குகள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் கேட்டவர் பெயர் உண்டு. பலவற்றுக்குத் தேதியும் சிலவற்றுக்குப் பரிசும் உண்டு. 1936இல் 153ஆம் கணக்கை எழுதிய மசூர், விடை கண்டுபிடிப்பவருக்கு உயிருள்ள வாத்து ஒன்று தருவதாக எழுதினார். போர் வந்தது, நகரம் கைமாறியது, நாட்டின் எல்லையே நகர்ந்தது. 1972இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் என்ஃப்லோ அதற்கு விடை கண்டார். வார்சாவில் மசூரே அவர் கையில் வாத்தைக் கொடுத்தார்!

ஆக, ஒரு நோட்டு போதும். யார், என்று, என்ன சொன்னார் என்று ஒரு வரி. எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கட்டும். உங்கள் யோசனை அன்றே அதில் ஏறியிருந்தால், பதினான்கு மாதம் கழித்து எவரும் அதைத் தமது என்று சொல்லத் துணிந்திருக்க மாட்டார்.

குறுக்குக்கேள்வி | செவ்வாய், பிற்பகல் 1.15

இந்த நோட்டு பற்றி எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன். ஆனால் மேலிடம் கேட்கும் கூட்டக் குறிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

எண்கணிதன் | செவ்வாய், பிற்பகல் 1.40

கூட்டக் குறிப்பு மேலே போகிறது. நோட்டு மேசையிலேயே கிடக்கிறது. குறிப்பை ஒருவர் எழுத மற்றவர்கள் கையெழுத்திடுகிறார்கள். நோட்டில் சொன்னவரே தம் கையால் எழுதுகிறார், விரும்பினால் மட்டும்.

ஆறரைப்பேருந்து | செவ்வாய், இரவு 8.20

நான் நான்காம் ஆண்டு முனைவர் பட்ட மாணவி, வேறொரு கல்லூரி. எங்களிடமும் தேநீர்க் கூட்டம் உண்டு. வளாக வாசலுக்கு வெளியே டீக்கடையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நடக்கும். எங்கள் ஆய்வகத்தில் யாருக்கு எந்தக் கருவி முன்பதிவு, எந்த மாநாட்டுக்கு யார் போவது, எந்தக் கட்டுரையில் யார் பெயர் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. என் கடைசிப் பேருந்து 6.30க்கு. விடுதித் தோழிகளுக்கு 8 மணிக்குக் கதவு மூடிவிடும். மறுநாள் காலை வந்தால் முடிவு தயாராக இருக்கும். "நீயும் வந்திருக்கலாமே" என்பார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், அதனால்தான் அதிகமாக வலிக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட், ஜோசப் பிரீஸ்ட்லி, எராஸ்மஸ் டார்வின் முதலியோர் சேர்ந்த ஒரு கழகம் இருந்தது. சந்திரக் கழகம் என்று பெயர். பௌர்ணமியை ஒட்டித்தான் கூடுவார்கள். தெருவிளக்கு இல்லாத காலத்தில், பேசி முடித்து நிலா வெளிச்சத்தில் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக. வந்தவர் எப்படித் திரும்பிப் போவார் என்பதைப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள்! எங்கள் பேருந்து நேரத்தைப் பார்த்து ஒருவரும் இதுவரை நேரம் குறித்ததில்லை.

4 மணி என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் மனம் நிறைந்தது ஐயா. அந்த நேரத்தை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

தெற்குக்காற்று | புதன், அதிகாலை 3.50

சகோதரியின் பதிவைப் படித்ததும் கிங்ஸ் கல்லூரி, லண்டன் நினைவுக்கு வந்தது. டி.என்.ஏ.வை எக்ஸ்-கதிரால் படமெடுத்து ஆராய்ந்த ரோசலின்ட் ஃபிராங்க்ளின் 1951இல் அங்கே சேர்ந்தபோது ஆண்களுக்கு மட்டுமேயான ஒரு கூடம் இருந்தது. எல்லோரும் சேர்ந்து உண்ணும் இடமும் இருந்தது, அவர் அங்கே உண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் சக ஆய்வாளர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் பேசும் ஓர் அறைக்குள் அவர் நுழைய முடியாது என்பது சின்ன விஷயம் இல்லை.

நான் கேம்பிரிட்ஜில் மூன்றாண்டு வேலை செய்தேன். அங்கே மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் கேன்டீன் பற்றித் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறார்கள். 1962இல் புதுக் கட்டடம் திறந்தபோது, காலைக் காபி, மதிய உணவு, மாலைத் தேநீர் மூன்றுக்கும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும் என்று ஆய்வகத் தலைவர் மாக்ஸ் பெரூட்ஸ் விரும்பினார். அந்தக் கேன்டீனை இருபது ஆண்டுக்கும் மேலாக நிர்வகித்தவர் அவர் மனைவி கிசெலா. மனிதர்கள் நண்பர்களாகும் இடமாக அது இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பெரூட்ஸ் நோபல் பரிசு வாங்கியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கிசெலா நல்ல சாப்பாடு போட்டதால் எத்தனை ஆய்வு வளர்ந்தது என்று யாரால் அளக்க முடியும்? கருவிகளையும் அங்கே பகிர்ந்துதான் பயன்படுத்துவார்கள், அதனால் எப்படியும் ஒருவரை ஒருவர் தேடிப் போக வேண்டியிருக்கும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1999இல் போய்ச் சேர்ந்ததும் அதே ஆய்வகத்தில்தான்.

ஒன்றிரண்டு கதையை வைத்து முறையை வகுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. 1972இல் பிரின்ஸ்டனில் மாலைத் தேநீர் வேளை. இளம் கணிதவியலாளர் ஹியூ மான்ட்கோமரி, பகா எண்களோடு தொடர்புடைய ரீமன் சார்பின் சுழிகளுக்கு (அது பூஜ்யமாகும் புள்ளிகளுக்கு) இடையிலான இடைவெளிகளைப் பற்றிப் புதிதாக ஒன்றைக் கண்டிருந்தார். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் அறையின் மறுபக்கம் நின்றிருந்தார். அவரிடம் போகப் பையனுக்குக் கூச்சம். லாகூரில் பேராசிரியராக இருந்து, பிரிவினைக்குப் பின் அமெரிக்கா போன சர்வதாமன் சௌலாதான் விடாப்பிடியாக அவரை அழைத்துப் போய் அறிமுகம் செய்தார். டைசன் கேட்டார்; அணுக்கருவின் ஆற்றல் நிலைகளை விளக்கும் சீரற்ற அணிகளிலும் (தற்செயலான எண்களை நிரப்பிய கட்டங்கள்) இதே சூத்திரம்தான் வருகிறது என்றார். எண் கோட்பாடும் அணுக்கரு இயற்பியலும் அந்தத் தேநீரில் கைகோத்தன. தேநீர் நாள்தோறும் இருந்தது. அன்று பலித்ததற்குக் காரணம், கூச்சப்பட்டு நின்றவனின் கையைப் பிடித்து அழைத்துப்போன ஒரு சௌலா. உங்கள் மேசைக்கும் அப்படி ஒருவரைத் தேடுங்கள்.

நெறியாளர் | புதன், காலை 9.00

நபர்களையும் கல்லூரிகளையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். நடந்ததைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

பட்டறை | புதன், மாலை 5.45

நான் கருவிப் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டாக வேலை செய்கிறேன். கடைசல், பற்றவைப்பு, வெற்றிடப் பம்பு பழுது பார்ப்பது எல்லாம் என் கை. முதல் பதிவில் வந்த மின்பணியாளரைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் மாணவர்கள் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று சொல்லிப் போவார்கள். அது எதற்கு என்று சொல்ல மாட்டார்கள். எதற்கு என்று தெரிந்தால் பாதி நேரம் அதைவிட எளிய வழி சொல்ல முடியும். ஒரு தம்பி துருப்பிடிக்காத எஃகில் மூன்று முறை செய்யச் சொன்ன பாகம், அலுமினியத்திலேயே போதுமானது. கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பேன்.

தேநீருக்கு எங்களையும் கூப்பிட்டால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, நாற்காலி. ஆசிரியருக்கு நாற்காலி, எங்களுக்குச் சுவரோரம் என்று இருந்தால் ஒரு நாள் வருவோம், மறுநாள் வரமாட்டோம். எல்லோரும் நிற்கட்டும், அல்லது எல்லோரும் உட்காரட்டும். இரண்டு, தமிழில் பேசுங்கள். கலைச்சொல் ஆங்கிலத்தில் இருந்தால் பரவாயில்லை, பேச்சு தமிழில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் பேசும்போது எங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. மாணவர்களிலும் பலர் அப்படியே என்பதைப் பல ஆண்டாகக் கவனித்து வருகிறேன்.

ஆறரைப்பேருந்து | புதன், இரவு 7.55

ஐயா சொல்வது முழுக்க உண்மை. என் முதல் இரண்டு ஆண்டு அப்படித்தான் போனது. கேள்வி மனத்துக்குள் தமிழில் தயாராக இருக்கும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த தலைப்புக்குப் போயிருக்கும்.

பூஞ்சை | வியாழன், காலை 6.30

வேளாண்மை ஆய்வு நிலையத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு நடைமுறைச் செய்தி மட்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் தாமஸ் ஆலன் 1970களில் ஆய்வகங்களில் அளந்து பார்த்தார். இருவர் இருக்கைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூட அவர்கள் பேசிக்கொள்வது செங்குத்தாகக் குறைகிறது. ஐம்பது மீட்டருக்கு மேல் போனால் ஏறத்தாழ நின்றே போகிறது. மாடி வேறானால் இன்னும் மோசம். நாங்கள் மூன்று ஆண்டுக்கு முன் விருந்தினர் இல்லத்தில் வைத்தோம். நல்ல கட்டடம், ஆனால் அரை கிலோமீட்டர். ஆறு வாரத்தில் நின்றுபோனது. பிறகு மாடிப்படி இறங்கும் இடத்தில், நெல் மூட்டை எடைபோடும் திண்ணைக்குப் பக்கத்தில் வைத்தோம். இன்றும் நடக்கிறது.

செலவு பற்றி: மாதம் ஒருவருக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள், உதவித்தொகை வராத மாதத்தில் மாணவன் ஒதுங்கிக்கொள்வான். ஆசிரியர்கள் முறைவைத்து ஏற்றுக்கொள்ளட்டும்.

நுண்ணோக்கி | வியாழன், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. பலமுறை படித்தேன். இன்று மேலிடத்தில் போய் நேராகச் சொல்லிவிட்டேன்: இது அலுவல் கூட்டம் இல்லை, நாங்கள் தேநீர் குடிக்கிறோம். பதிவேடு இல்லை. சிறிது நேரம் மௌனம். பிறகு, "சரி, நானும் வரலாமா?" என்று கேட்டார். வரலாம், நின்றுகொண்டு குடிக்க வேண்டும் என்றேன். திங்கள் தொடங்குகிறோம்.

நுண்ணோக்கி | மூன்று மாதம் கழித்து, சனி, காலை 10.15

இதுவரை நடந்ததை எழுதுகிறேன்.

முதல் தளத்தில் படிக்கட்டுக்கு எதிரே, பழைய அலமாரிகள் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்தோம். நாற்காலி ஒன்றும் இல்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு நீள மேசை, கரும்பலகை, நோட்டு. மாலை 4 முதல் 4.40 வரை. முதல் வாரம் முப்பது பேர் வந்தார்கள், இரண்டாம் வாரம் ஒன்பது பேர். மனம் உடைந்துவிட்டது. மூன்றாம் வாரத்திலிருந்து கேன்டீன் அம்மாவிடம் சொல்லிச் சுண்டல் வைத்தோம். அவரையும் நின்று பேசச் சொன்னோம். யார் யாரோடு பேசவில்லை என்பது அவருக்குத்தான் தெரிகிறது. "இந்தப் பெண்ணும் நுரை பற்றித்தான் சொல்கிறாள், அந்தத் தம்பியும் நுரை பற்றித்தான் சொல்கிறான், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதே இல்லை" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். ஒருத்தி உலோக நுரை, மற்றவன் வெப்பத்தடுப்புக்கான பலபடி நுரை. இப்போது இருவரும் ஒரே அழுத்தச் சோதனைக் கருவியில் அடுத்தடுத்து அளக்கிறார்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மூத்த ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் நாற்பது நிமிடமும் தாமே பேசினார். மூன்று நாள் பொறுத்தேன். பிறகு தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை. இப்போது வருகிறார், கேட்கிறார். தமிழில் பேசுவது வடமாநில மாணவர்கள் இருவருக்குச் சிரமமாக இருந்தது. அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்லிவிடுகிறார். அதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.

நோட்டில் இதுவரை 21 கேள்விகள். பரிசும் உண்டு: 6ஆம் கேள்விக்குப் பனங்கிழங்கு ஒரு கட்டு, இன்னும் யாரும் வாங்கவில்லை. 17ஆம் கேள்வி எங்கள் பட்டறைக்காரர் எழுதியது. அதை அப்படியே இங்கே தருகிறேன், எங்களில் யாருக்கும் விடை தெரியவில்லை: "கீழ்த்தளத்தில் ஒரே மாதிரி இரண்டு சுழல் வெற்றிடப் பம்பு. ஒரே எண்ணெய். மழைக்காலத்தில் ஒன்றின் எண்ணெய் மட்டும் பால்போல் வெளுக்கிறது. ஈரத்தை வெளியேற்றும் காற்றுக்கலப்பு வால்வைத் திறந்துவைத்தும் சரியாகவில்லை. ஏன்?"

குறுக்குக்கேள்வி | சனி, பிற்பகல் 12.50

எங்கள் துறையில் நானும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் மாணவன் எழுதியிருக்கிறான், பெயரும் தேதியும் போட்டு.

17ஆம் கேள்வி பற்றி: வெளுப்பது நீராவி எண்ணெயில் கலப்பதால். இரண்டு பம்புகளின் வெளியேற்றுக் குழாயும் ஒரே மாதிரி போகிறதா?

பட்டறை | சனி, பிற்பகல் 2.20

அவர் கேட்டது எங்கள் பட்டறையிலும் உள்ள தொல்லைதான். அங்கே எப்படியோ தெரியாது. எங்களிடம் வெளுக்கும் பம்பின் குழாய் மேலே ஏறி ஜன்னல் வழியே போகிறது. குளிர்ந்த நீர் குழாயிலேயே வழிந்து திரும்பப் பம்புக்குள் இறங்குகிறது. நடுவில் ஒரு வடிகுடுவை வைத்தேன், நின்றது.

நுண்ணோக்கி | சனி, பிற்பகல் 2.45

இப்போதே கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று நேராகச் சுவர்த் துளை வழியே போகிறது. மற்றது மேலே ஏறித்தான் ஜன்னலுக்குப் போகிறது. திங்கள் காலை கழற்றிப் பார்க்கிறோம். உங்கள் இருவர் பெயரையும் 17ஆம் கேள்விக்குக் கீழே எழுதிவைக்கிறேன்.